தலை போன சொல்

ஷெட்லாந்தில், ஆண்ட்ரீனாவின் ஜன்னலுக்குக் கீழே கிடக்கும்
கடலுக்குப் பெயர் சவுண்ட்.
ஒலி என்று நினைத்துவிட வேண்டாம்.
இரண்டு தீவுக்கு நடுவே
விலா ஒடுங்க ஓடும் நீர் அது.
அந்த நீரில் குண்டு கட்டிக் கயிறு விட்டு
ஆழம் பார்த்தால் அதுவும் சவுண்ட்.
உளுக்காத மரம், திவாலாகாத பேங்க்,
இடி இடித்தாலும் கலையாத தூக்கம்,
சொன்ன நேரத்துக்கு வருகிற ஆள்
எல்லாம் சவுண்ட்.
நாம்தான் அந்தச் சொல்லை வாங்கி,
கத்துகிறவனிடம்
சவுண்டு விடாதே என்று சொல்லிவிட்டுச்
சும்மா இருந்துவிட்டோம்.

ஜனவரி. மூன்று மணிக்கே இருட்டு.
நண்டுக்கூடு தூக்கப் போன மேக்னி
சொன்ன நேரத்துக்கு வரவில்லை.
ஃபிரிட்ஜின் மேல் ரேடியோ கரகரத்தது.
காவல்படைக்காரன் படகின் பெயரைச் சொன்னான்.
பிறகு இரைச்சல்.
இரைச்சலின் நுனியில்
‘…வுண்ட்.’

நமக்கு எதுகை அடியின் தலைமாட்டில்.
அவர்களுக்கு வாலில்.
தலையைக் காற்று கடித்துக்கொண்டு போக
வால் மட்டும் அடுப்படியில் துடித்தது.

பாதி தோல் சீவிய உருளைக்கிழங்கோடு
ஒவ்வொரு தலையாக ஒட்டிப் பார்த்தாள்.
ஃபவுண்ட்: கிடைத்துவிட்டான்.
கிரவுண்ட்: தரை தட்டியிருக்கிறது,
படகுதானே, தொலையட்டும்.
ரவுண்ட்: இன்னும் சுற்றித் தேடுகிறார்கள்.
பவுண்ட்:
இன்ஷூரன்ஸுக்கு இந்த வருடம் கட்டவில்லையே.
இப்போதா இந்த நினைப்பு என்று
தன்னையே வைதாள்.
அடுத்த எழுத்துக்கு நாக்கு
மேலண்ணம் நோக்கிப் போனது.
பல்லைக் கடித்து நிறுத்தினாள்.
டிரவுண்ட் என்றால் மூழ்கியவன்.
ஃபவுண்டுக்கும் அதற்கும்
கழுத்துக்குக் கீழே ஒரே உடம்பு.

மறுபடியும் அதே குரல்.
இந்தத் தடவை தலையோடு வந்தது:
‘சவுண்ட்.’

எந்த சவுண்ட்?
ஆள் நலமா?
ஆள் இன்னும் அந்த நீரிலா?
கயிறு விட்டு
ஆழம் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா?
ஒரு சொல்லுக்கு இத்தனை வீடு வைத்தவர்கள்
கதவில் எண் எழுத வேண்டாமா?

அப்போது படகுத்துறைப் பக்கம்
ஓர் இருமல்.
அக்டோபரிலிருந்து
சரி பண்ணு, சரி பண்ணு என்று
அவள் நச்சரித்துக்கொண்டிருந்த
அதே இன்ஜின்.
வெறும் ஒலி. நம் அர்த்தம்.

பூட்ஸில் கடல் சலசலக்க
மேக்னி கதவைத் திறந்தான்.
கத்தியை மேசையில் வைத்தாள்,
மூச்சை இழுத்தாள்,
இரண்டு தீவுக்கும் கேட்கிறாற்போல்
சவுண்டு விட்டாள்.