நாற்பத்தேழாம் இலக்கம்

பம்பலப்பிட்டியில் எங்கள் கடை மெனுவில்
நாற்பத்தேழாம் இலக்கத்தின் மேல்
ஒரு வெள்ளை ஸ்டிக்கர்.
புது மெனு அடிக்கக் காசில்லை என்றார்
ஃபர்சானா மிஸ்.
தொண்ணூறு அட்டைகளிலும் நான்தான் ஒட்டினேன்,
ஒரு போயா நாள் பின்னேரம்.

ஒட்டிய இடத்தைத்தான் எல்லோரும் சுரண்டுகிறார்கள்,
நகத்தால், முள்ளுக்கரண்டியால்.
கேட்பதை மறந்து
சோறும் கணவாயும் ஓடர் பண்ணுகிறார்கள்.
ஆறாம் மேசை அட்டையில்
நடுச்சொல் மட்டும் வெளியே வந்துவிட்டது:
துடுப்பு.
வெள்ளைக்கு மேலே, தனியாக,
எங்கோ போய்க்கொண்டிருப்பதுபோல.

இரண்டு கல்யாண ஓடர் கைவிட்டுப் போனது.
புறக்கோட்டையிலிருந்து இன்னும் கோல் வருகிறது:
"தங்கச்சி, நல்ல சாமான் வந்திருக்கு, மிஸ்ஸிட்ட சொல்லுங்கோ."
சாமான்.
சொல்கிறேன். மிஸ் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை.
மாத முடிவில் அந்த வரியில் சைபர் போடுவது நான்.
என் சம்பளமும் அதே பக்கத்தில்தான்,
நாலு வரி கீழே.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடல்.
காசாளர் கதிரையிலிருந்து பார்த்தால்
அலை தெரியும், வேறொன்றும் தெரியாது.
அங்கே யார் மிஞ்சினார்கள் என்று
ஒரு பில்லும் வருவதில்லை.

இன்று பசை வாங்கினேன்.
எந்தச் செலவில் எழுதுவது?
கொஞ்ச நேரம் பேனையைக் கடித்துவிட்டு
'பராமரிப்பு' என்று போட்டேன்.