வாழைக்கறை

கோபி கடைவீதியில் நாச்சிமுத்து
இரண்டு கத்தி எடுத்து வைத்தான்.
ஒன்று கறுப்புப் பூச்சு, தோசைக்கல் அடி மாதிரி.
மற்றது சாட்டின். பாலாடை மினுக்கம்.
தொட்ட பெருவிரல் ரேகை அப்படியே நின்றது.

"கறுப்பே எடுத்துக்குங்க துளசிமணியக்கா,
துரு கண்ணுலயே படாதுங்க."

படாதுதான்.
போன வருசத்துக் கறுப்பும் யார் கண்ணிலும் படாமல்
வாழைச் சருகுக்குள் கிடந்தது,
மயிலாத்தாள் பாதம் படும்வரை.
ஏழு தையல்.
அப்புறம் அதைத் தீட்டினேன்.
பூச்சு செதில் செதிலாய் உரிந்து
அடியில் கமுக்கமாய்த் துரு.

சாட்டின் எடுத்தேன். அறுபது ரூபாய் கூட.

முதல் நாள் நாப்பது தார், எல்லாம் நேந்திரன்.
வெட்ட வெட்டக் கறை.
மத்தியானம் நீலம் பாய்ந்தது,
பொழுதிறங்கப் பழுப்பு,
பத்தாம் நாள்
வேலைக்குப் போடும் என் சட்டையின் நிறம்.

"இதும் கறுப்பாத்தானுங்க ஆச்சு?"
நாச்சிமுத்து சிரித்தான்.
அது நீ பூசினது,
இது நான் வெட்டினது என்று
வாய்வரை வந்தது.
அரம் வாங்கிய பாக்கி இருந்தது, விட்டுவிட்டேன்.

தீட்டிய விளிம்பு மட்டும்
இன்னும் வெள்ளை, ஒரு நூல் அகலம்.
சருகில் கிடந்தால்
மயிலாத்தாளுக்கு
அது போதும்.