பண்டில் சீட்டு

பல்லடம் ரோட்டில், மூன்றாம் மாடி ஆய்வகம்.
ஜன்னலைத் திறந்தால் தெற்கே வரிசையாய்க் காற்றாலைகள்.
ஆடி மாசம்; சுற்றிக்கொண்டே இருக்கின்றன.
உள்ளே இருபத்துநாலு கம்ப்யூட்டர்,
அதில் நாலு
எனக்குத் தங்கை முறை.

பாடம் எடுப்பவர் விடுப்பு.
தற்காலிக ஆய்வக உதவியாளர் நான்
சாக்பீஸ் எடுத்து எழுதினேன்:
வலையமைப்புக் கணிப்பு, முதல் வகுப்பு.

நீலக் கேபிள் ஒன்றை உரித்துக் காட்டினேன்.
எட்டுக் கம்பி, இரண்டிரண்டாய் முறுக்கியது.
ஏன் முறுக்கணும்?
"நூலாட்டங். முறுக்கு இல்லாட்டி அறுந்துரும்" என்றான் பிரகதீஷ்.
தப்பு.
இருந்தாலும் சொன்ன வேகம் பிடித்திருந்தது,
பக்கத்துக் கம்பியின் இரைச்சல் ஒட்டாமலிருக்கத்தான் முறுக்கு என்பதை
வியாழக்கிழமைக்கு ஒதுக்கிவிட்டேன்.

வேலை இதுதான்:
அறுபது காற்றாலை, ஒரு வருஷம்,
நொடிக்கு ஒரு வரி எழுதிவைத்த காற்று.
நூற்றெண்பத்தொன்பது கோடி வரி.
எத்தனை நொடி சும்மா நின்றன என்று எண்ணவேண்டும்.
ஒரே கம்ப்யூட்டரிடம் கொடுத்தால் பொழுது விழுந்துவிடும்.
எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுத்தால்...

"ஜாப் ஒர்க்குங்!"
கடைசி பெஞ்சிலிருந்து வந்தது குரல்.
அதற்கப்புறம் என்னை யாரும் பேசவிடவில்லை.
நிட்டிங் ஒரு பக்கம், சாயம் ஒரு பக்கம்,
காம்பாக்டிங், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்ன்,
ஒரு பனியன்
போடுகிறவன் உடம்பைப் பார்ப்பதற்கு முந்தி
ஒம்பது பட்டறை பார்த்துவிடுமாம்.
என் பாடத்தை அவர்களே தைத்து முடித்தார்கள்,
நான் போய் என்டர் தட்டினேன்.

திரையில் பதில்கள் ஏறின.
மூன்று. பதினொன்று. இருபது. ஒன்று.
வரிசை இல்லாமல்தான் வரும்.
இருபத்துமூன்று வந்துவிட்டது.
பதினேழு மட்டும் வரவில்லை.

பூவிழி எழுந்தாள்.
"செத்துப்போச்சுங்களா,
இல்ல மெதுவா வருதுங்களா?"

சாக்பீஸ் கையிலேயே நின்றது.
இந்தக் கேள்வி நாலாம் அலகில் இருக்கிறது,
நவம்பரில் வரவேண்டியது.
அதற்கு நேரான பதில் இல்லை என்று அங்கேயும் போட்டிருக்கிறது:
இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு
இரண்டும் ஒரே மௌனம்.

"அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றேன்,
வேறு வழியில்லாமல்.

சாயங்காலம் ஆறு முதல் பத்து வரை
செக்கிங் டேபிளில் நிற்கிறவள் அவள்.
"ரெண்டு தடவ போன் போடுவாங்க.
எடுக்கலீன்னா அவ பண்டில வேற ரெண்டு பேருக்குப் பிரிச்சுருவாங்க.
சித்த நேரங்கழிச்சு அவளும் தெச்சு எடுத்துட்டு வந்து நிப்பா."
"அப்போ?"
"பண்டிலுக்குச் சீட்டு இருக்குதுல்லங்.
ஒரே நம்பர் ரெண்டு வாட்டி வந்தா
ஒண்ணத்தான் கணக்குல ஏத்துவாங்க."

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை.
நான் எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷத்தில்,
மூன்றாம் முறை படித்துப் புரிந்துகொண்டது அது.

பதினேழின் பங்கை மூன்றுக்கும் ஒம்பதுக்கும் பிரித்தோம்.
விடை வந்தது.
ஏழு நிமிஷம் கழித்து
மூச்சு வாங்கிக்கொண்டு பதினேழும் வந்தது.
அதே சீட்டு, அதே எண்.
ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றை விட்டோம்.
பின்னால் குனிந்து பார்த்தால்
கேபிள் கிளிப் உடைந்து பாதி வெளியே.
ரிஸ்வானா தன் ஹேர் கிளிப்பைக் கழற்றிச் செருகினாள்.
நிற்கிறது, இன்றுவரை.

நாலரைக்குக் கேட்டில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது.
பூவிழி ஓடினாள், ரெக்கார்டு நோட்டில்
என் கையெழுத்து வாங்காமலே.

ஆய்வகத்தைப் பூட்டுவதற்கு முன்
என் பெட்டியைத் திறந்தேன்.
நிரந்தரப் பணிக்கு மார்ச்சில் போட்ட விண்ணப்பம்,
இதுவரை பதில் இல்லை.
செத்துவிட்டதா, மெதுவாக வருகிறதா.

இன்னொரு முறை அனுப்பினேன்,
பழைய எண்ணையே போட்டு.