காக்கை இறகுக்கு ஆன செலவு

கணக்குப்பிள்ளை அவர்கள் சமுகத்துக்கு
தேவிபட்டினம் ஓடாவி உலகுடையான் எழுதிக்கொண்டது.

காக்கை இறகு இருநூறு, பணம் மூன்று
என்று நான் எழுதிய வரியைச் சுழித்து
ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள்:
காக்கைக்கு எவன் விலை கொடுப்பான்?

ஒல்லாந்தர் அனுப்பிய பெட்டி
கீழக்கரையில் இறங்கும்போதே
பாதி கடலைக் குடித்திருந்தது.
கிளாவி என்றார் துபாசி.
அரண்மனை வாசலில் அது கிழவி ஆனது.
புலவர் ஒருவர் திருத்தினார்: கிளவி.
சொல் என்று பொருளாம்.
எனக்கு அது கவிழ்ந்த வத்தை.
அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

உளுத்த அடிப்பலகையைக் கழற்றிப் பூவரசு வைத்தேன்.
பித்தளையைத் தட்டான் வயிரவன் இழுத்துக் கொடுத்தான்,
மயிரைவிடக் கொஞ்சம் தடிப்பாக.
மீன் வச்சிரம் காய்ச்சிய நாற்றத்துக்கு
மடைப்பள்ளியே சண்டைக்கு வந்தது.
இதற்கெல்லாம் ஒப்பிட்டுவிட்டீர்கள்.
இறகில் வந்து நிற்கிறீர்கள்.

கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு குச்சி எழும்பும்.
குச்சியின் தலையில் ஒரு முள்,
அதுதான் கம்பியைச் சுண்டுவது.
நாரை இறகு வைத்தேன், முனகியது.
கோழி இறகு இரண்டு நாளில் மடங்கியது.
காக்கைதான் பேசியது.

எங்கள் ஊர்க் காக்கையை எறிந்து பிடிக்க முடியாது.
கடலுக்குள் நிற்கும் ஒன்பது கல்லுக்கு வருகிறவர்கள்
வைத்த பிண்டத்தில் வளர்ந்தது;
யார் வீட்டுப் பெரியவரோ யார் கண்டார்.
உதிர்ந்ததைப் பொறுக்க வேண்டும்,
அதுவும் இடச்சிறகு, விடியுமுன்.
பொறுக்கிய பிள்ளைகளுக்குப் போனது அந்த மூன்று பணம்.

கொண்டல் அடித்தால் சுருதி ஏறுகிறது,
கச்சானில் இறங்குகிறது.
இரண்டுக்கும் நடுவே நான் முளையைத் திருகுகிறேன்.
நாகசுரக்காரர் வந்து கேட்டார்:
"ஒவ்வொரு சுரமும் உப்பளத்துக் கூலியாள் மாதிரி
தனியாய் நிற்கிறது, ஒன்றை ஒன்று தொடவில்லையே."
உண்மைதான். நான் என்ன செய்ய?

சின்ன நாச்சியார் மட்டும் வருவார்கள்.
பாட்டெல்லாம் இல்லை.
வலது ஓரத்தில் ஒரே கட்டை.
அழுத்துவார்கள், அடங்கும்வரை இருப்பார்கள்,
மறுபடி அழுத்துவார்கள்.
ஆடியில் ஒருநாள் கேட்டார்கள்,
இது எந்தக் காக்கை என்று.
உங்கள் அண்ணனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தீர்களே,
மறுநாள் பொறுக்கியது என்றேன்.
பொய்யா என்று எனக்கே தெரியாது.
அந்த வாரத்து இறகெல்லாம் ஒரே கூடையில் கிடந்தது.

தை அமாவாசைக்கு நீங்களும் வந்தீர்கள்,
தகப்பனாருக்குச் சோறு வைக்க.
கரையில்தான் நின்றேன்.
முதல் உருண்டையைத் தொட்ட காக்கை
எழும்பும்போது ஒன்றை விட்டுப் போனது.
அதுவும் பெட்டிக்குள் இருக்கிறது.

எந்தக் கட்டை என்பதை
மூன்று பணம் வந்தபின் சொல்கிறேன்.
நெல் பாக்கி பதினொரு கலம்,
அது வேறு கணக்கு.