பதினாறுக்கு எட்டு

திருச்செங்கோடு, சங்ககிரி ரோட்டில் என் ஃபிளக்ஸ் கடை.
மூன்றாவது போர்வண்டிப் பூசைக்குப் பேனர் கேட்டு
ரிக் அர்த்தநாரி வந்தபோது
அப்போதுதான் கரண்ட் போய் வந்திருந்தது.

ராசா மாதிரி வேணும் என்றார்.
நம்மூர் ராசாக்கள் எல்லாம்
வெற்று மார்பில் முத்துமாலை.
அவருக்குச் சட்டை போட்ட ராசா வேண்டும்,
கழுத்துவரை மூடி.

தேடியதில் ஒருத்தன் அகப்பட்டான்.
ஐந்நூறு வருசத்துக்கு முந்தைய ஐரோப்பா.
ஆள் முழுக்க இரும்பு, ஓரமெல்லாம் பொன்வேலை,
தலைக்கவசம் மட்டும் பக்கத்து மேசையில்.
வெல்வதற்கு இனி யாருமில்லை என்று
அதற்கு அர்த்தமாம்.
இடது மார்பில் வெள்ளையாய் ஒரு கட்டம்.
பெரிதாக்கிப் பார்த்தேன்: சன்னல்.
வரைந்தவன் உட்கார்ந்திருந்த அறையின் சன்னல்
தகட்டில் விழுந்து
அங்கேயே தங்கிவிட்டது.

அர்த்தநாரி சன்னலைப் பார்க்கவில்லை,
இரும்பைப் பார்த்தார்.
ஆயிரம் அடி இறங்கின பிட்டு
பல்லுப் போய் மேலே வருவதைப் பார்த்த கண்.
"எத்தன மில்லித் தகடு இது?
நெளிவு இல்ல, கீறல் இல்ல.
வேலைக்கே போவாத இரும்பு தம்பி."

சண்டைக்கு இல்லைங்க,
படத்துக்கு என்று போட்டது என்றேன்.
"நானும் படத்துக்குத்தான கேக்கறேன்."
சிரித்துக்கொண்டே படியிறங்கினவர்
திரும்பி வந்தார்.
"ஒண்ணே ஒண்ணு போட்டுரு. ஒரு கீறல்."

ராத்திரி அவர் தலையை அறுத்து
அந்தக் கழுத்தில் வைத்தேன்.
முகத்துக்கு ஒரு பக்கம் வெளிச்சம்,
இரும்புக்கு வேறு பக்கம்.
ரோட்டில் போகிறவனுக்கு என்ன தெரியும்.
கீறலை மவுஸால் இழுத்தேன்
கழுத்துப் பட்டையிலிருந்து நேர்கீழே.
கை கொஞ்சம் கோணிவிட்டது.
அழிக்கவில்லை.

வாங்க வந்தது அவர் சம்சாரம்.
அவர் ராய்ச்சூரில் பாயிண்ட் பார்க்கப் போயிருந்தார்.
விரித்தேன்,
கால் இரண்டும் கதவுக்கு வெளியே கிடந்தன.
செருப்பைக் கழற்றிவிட்டு
புருசன் நெஞ்சோரம் மண்டி போட்டு
கீறல்மேல் விரல் வைத்து
மெல்ல இறங்கி வந்தார்.
அது நின்ற இடத்தில் விரல் நிற்கவில்லை.

"இன்னுங் கொஞ்சம் கீழ வருமுங்க.
கோயமுத்தூர்ல அறுத்தது."

பிறகு எழுந்து
சுருட்டிக் கட்டச் சொன்னார்,
பாக்கி நானூறை எண்ணிக் கொடுத்தார்.