ஆடியோ: தமிழ்

காசிமேடு, ராத்திரி பதினொன்று.
அண்ணி டெல்பினா இறால் உரிக்கிறாள்.
கண்ணும் விரலும் கூடையில்.
சப்டைட்டில் படிக்க ஏது நேரம்?

இருந்தும் பதினாறு எபிசோடு கூடவே வந்துவிட்டாள்,
ஜப்பான்காரன் தொண்டையை மட்டும் பிடித்துக்கொண்டு.
"வட்டிக்கு வாங்கிட்டு முழிக்கிறான்டா பாவம்."
"அந்தப் பொண்ணாண்ட சொல்லிக்காம வந்துட்டான்."
நான் திருத்தியதில்லை.

இன்றைக்கு, அவளுக்காகத்தான்,
தமிழுக்கு மாற்றினேன்.
வெள்ளைமுடிப் பையன் பாறைமேல் ஏறி
"உன்னை வீழ்த்தாமல் ஓயமாட்டேன்!" என்றான்,
எங்கள் தெருவில் யாரும் பேசாத தமிழில்.

பாதி உரித்த இறாலோடு நிமிர்ந்தாள்.
"இதுக்கா இத்தினி நாளு அழுதான்?"

வெளியே ஐஸ் லாரி பின்னால் வரும் சத்தம்.

"போட்டு இஞ்சின் நின்னப்போ
உங்கண்ணன் வயர்லெஸ்ல பேசிச்சே,
அந்தக் கொரலு மாதிரி இருந்துச்சுடா இது.
கரகரன்னு. ஒரு வார்த்த புரியல.
கரைக்கு வருதுன்னு மட்டும் தெரிஞ்சுது."

பழையபடி ஜப்பானுக்கே போனேன்.
சப்டைட்டிலையும் எடுத்துவிட்டேன்.
பையன் கத்தினான். மலை இரண்டாகப் பிளந்தது.

தோலை ஒருபக்கமாகத் தள்ளிக்கொண்டே
"வட்டிக்காரன் வந்துட்டாம்போல" என்றாள்.

ஆமாம் அண்ணி.