பதினேழாம் எண் தக்காளி

சஸ்காச்சவனில் எங்கள் ஊருக்கு
நூலகம் கிடையாது. மருத்துவர் வாரம் ஒரு நாள்.
ஹாக்கி அரங்கம் மட்டும் உண்டு.
ஆட்டத்தின் இடைவேளைகளில் வண்டியோட்டி
அதன் பனித்தரையை மெழுகுகிறவள் நான்.

பின்வாசல் பீப்பாயில் உடைந்த மட்டைகள் சேரும்.
கார்பன் மட்டை முறிந்தால் சிராய் சிராயாய்ப் பிளந்து
கையைக் கிழிக்கும், அதைத் தொடுவதில்லை.
மரமட்டைதான் எனக்கு.
ஒரு குளிர்காலத்துக்கு நாற்பது தேறும்.
கடையில் தக்காளிக்குக் கம்பிக்கூண்டு
ஒன்று பன்னிரண்டு டாலர்.
கணக்குப் போட்டுப் பாருங்கள்.
நான் போட்டுவிட்டேன்.

மே மாதக் கடைசியில்
மண் இளகி, மண்வெட்டிக்கு வழிவிட்டதும்
முறிந்த கூர் மண்ணுக்குள்ளும்
கறுப்பு நாடா சுற்றிய பிடி மேலேயுமாக நடுவேன்,
பிடித்துக்கொள்ள யாரோ வரப்போவதுபோல.
வளைந்த பாதத்தோடு கிடைப்பவை பூசணிக்கு:
காய் உட்கார ஒரு பலகை.

கட்டுவதற்கு ஸ்கேட் கயிறு ஆகாது.
மெழுகு பூசியது, தண்டை அறுத்துவிடும்;
முதல் வருடம் ஏழு செடி அப்படிப் போயின.
இப்போது, ஓடிப்போன என் நைலான் காலுறைகள்.
குறுக்கே வெட்டினால் வளையம் வளையமாய் வரும்,
தண்டு பருக்கப் பருக்க நெகிழ்ந்து கொடுக்கும்.
என் இடுப்புக்கு அவை
அந்த இரக்கத்தைக் காட்டியதில்லை.

அவரைக்கு, பழைய கோல் வலை.
ஓட்டை விழுந்ததென்று கழித்துவிட்டார்கள்.
வலையில் ஓட்டை என்றால்
அவரை சிரிக்காதா?

மட்டை ஒவ்வொன்றிலும்
மார்க்கரில் ஒரு பெயர், ஓர் எண்.
படிக்காமல்தான் நடுவேன்.
பதினேழை மட்டும் படிக்கத் தேவையில்லை.

பிப்ரவரி. கடைசி ஆட்டம். நான்கு வினாடி மிச்சம்.
காவலன் இல்லாத கோலுக்கு நேரே நின்று
வட்டைத் தவறவிட்டான் பிரேடன் ஓலெக்சுன்.
தடுப்புப் பலகையில் ஓங்கி அடித்தான்
ஒன்று, இரண்டு,
மூன்றாவதில் முறிந்தது.
அவன் அப்பா கூட்டத்திலிருந்து எழுந்து போனார்.
மெழுக வேண்டியவள் நான்
எஞ்சினை ஓடவிட்டு
அவன் வெளியேறும்வரை வண்டியிலேயே இருந்தேன்.

ஆகஸ்டில், நகராட்சிச் சட்டை போட்டு
தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தான்.
மீட்டர் பக்கச்சுவரில்.
அதற்குப் போகும் வழி என் தக்காளி வரிசை.
பாதியில் கால் நின்றது.

“இது என்னோடது.”

“வேணுமா?” என்றேன்.
அதில் ஒன்பது காய்.
உச்சியில் இரண்டு
சிவக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன.

முந்தின இரவுக் காற்றில் மட்டை சாய்ந்திருந்தது.
பதில் சொல்லவில்லை அவன்.
நிமிர்த்திப் பிடித்து
பூட்ஸ் குதிகாலால் அடிமண்ணை மிதித்து இறுக்கினான்.
நழுவிய வளையத்தை இழுத்து மாட்டும்போது
அது என்ன துணியென்று விளங்கி
காதுவரை சிவந்தான்,
தக்காளிகளுக்கு முன்பாகவே.
பிறகு மீட்டரைக் குறித்துக்கொண்டு
அடுத்த வீட்டுக்குப் போனான்.

செப்டம்பர் எட்டு, இரவு உறைபனி என்றது வானொலி.
டார்ச்சைப் பல்லில் கடித்து
எல்லாவற்றையும் பச்சையாகவே பறித்தேன்.
செய்தித்தாளில் சுற்றி, கட்டிலுக்கடியில் நான்கு பெட்டி.
காலையில் மட்டைகளைப் பிடுங்கினால்
பதினேழின் அடி கறுத்து ஊறிக் கிடக்கிறது.
பெயரில் முன்பாதி போய்விட்டது,
மீதியில் இலையின் பச்சைக் கறை.
ஒரு சாண் அறுத்தெறிந்தால்
அடுத்த கோடை மிளகாய்க்குத் தாங்கும்.

அக்டோபரில் அரங்கத்து வாசலில்
புது மட்டையோடு நின்றான்.
முதலில் மட்டையைத்தான் பார்த்தேன்.
கார்பன்.

“இதை உடைச்சிடாதே,” என்றேன்.
“எனக்கு உதவாது.”